நோயாளியை எந்தக் கட்டத்தில் அழைப்பது? கொழும்புக் கிளினிக் செயலி ஒன்றுக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

நீரிழிவு கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு கைபேசிச் செயலி செய்ய வேண்டும். அடுத்த கிளினிக் திகதியை அது நினைவூட்ட வேண்டும், எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று காட்ட வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். கொழும்பில் இந்த வேலையை எடுத்திருக்கும் சிறிய குழுவொன்று, "நோயாளிகளையும் வடிவமைப்பில் சேர்க்கப் போகிறோம். எந்த முறை நல்லது?" என்று என்னிடம் கேட்டிருந்தது. அவர்கள் கையில் ஆறு மாதம், கொஞ்சப் பணம், ஒரு வைத்தியரின் ஆதரவு. நான் மென்பொருள் சோதனையில் இருப்பவள். சுகாதாரச் செயலிகளைத் தமிழ் பேசுகிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலையில் ஒரு பங்கு. அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

வழிகள் ஐந்து. கருத்துக்கணிப்பு ஒன்று. ஆலோசனைக் குழுவில் நோயாளிப் பிரதிநிதியை உட்கார வைப்பது இன்னொன்று. செய்த திரையைக் கையில் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லும் சோதனை மூன்றாவது. நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்தமர்ந்து வடிவமைக்கும் கூட்டு வடிவமைப்பு நான்காவது. நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ தாமே கருவியைக் கட்டுவது ஐந்தாவது.

செலவு, காலம், ஆட்பலம் என்று பலவற்றை வைத்து இவற்றை ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது ஒரு கேள்வியை: "இது எங்களுக்கு வேண்டாம், வேறொன்று வேண்டும்" என்று சொல்ல நோயாளிக்கு இந்த முறையில் இடம் இருக்கிறதா? அந்த இடம் இல்லாவிட்டால் எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் எழுத்தின் அளவும் பொத்தானின் நிறமும்தான் மாறும்.

இதை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் காரணம் இங்கிலாந்தின் ஹெல்த்ஸ்பேஸ். அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை நோயாளிகளுக்காகக் கட்டிய இணையவழிக் குறிப்பேடு அது. தன் மருத்துவக் குறிப்புகளைத் தானே பார்த்து, தன் நோயைத் தானே கவனித்துக்கொள்ள உதவுவது நோக்கம். 2007 முதல் 2010 ஒக்டோபர் வரை, அழைக்கப்பட்டவர்களில் அதன் முழு வசதியுள்ள கணக்கைத் திறந்தவர்கள் 2,913 பேர். அதாவது 0.13 சதவீதம். திட்டம் போட்டபோது எதிர்பார்த்தது 5 முதல் 10 சதவீதம். திரிஷா கிரீன்ஹால் தலைமையிலான ஆய்வாளர்கள் இதை 2010இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கணக்குத் திறப்பதே பெரும்பாடு, திறந்த பிறகும் தங்கள் அன்றாடத்துக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது மக்கள் சொன்னதன் சாரம். பிறகு அது மூடப்பட்டது. பணத்துக்கும் பொறியியலாளர்களுக்கும் பஞ்சமில்லாத இடத்தில் நடந்த கதை இது.

நம் நாட்டில் டிஜிட்டல் சுகாதாரத்தில் நன்றாக ஓடியவை பெரும்பாலும் ஊழியர்களுக்கான கருவிகள். கொவிட் பரவத் தொடங்கிய 2020 ஜனவரியிலேயே, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்க, சுகாதாரத் தரவைச் சேர்த்துவைக்கும் டிஎச்ஐஎஸ் 2 என்ற திறந்த மென்பொருளை இங்குள்ளவர்கள் மாற்றியமைத்தார்கள், பிற நாடுகளும் அந்த வழியைப் பின்பற்றின. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவத் தகவலியல் படித்த வைத்தியர்கள் நம்மிடம் இருப்பது பெரிய பலம். செய்கிறவருக்குப் பயன்படுத்துகிறவரின் வேலை உள்ளும் புறமும் தெரியும். அதே கைகள் நோயாளிக்கான கருவிக்கு வரும்போது, பயன்படுத்துகிறவர் அறைக்கு வெளியே இருக்கிறார். அவரை உள்ளே கொண்டுவருவதுதான் இப்போதைய கேள்வி.

கருத்துக்கணிப்பு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூகுள் படிவம். இணைப்பை வட்ஸ்அப் குழுக்களில் போட்டால் பதில்கள் குவியும். அனுப்புகிறவர் யார் என்று பாருங்கள்: சொந்தப் போன் உள்ளவர், டேட்டா போட்டிருப்பவர், படிவத்தை வாசித்து நிரப்பத் தெரிந்தவர், அனேகமாக நோயாளியின் மகனோ மகளோ. மட்டக்குளியில் பேரனின் போனைக் கேட்டு வாங்கிப் பேசும் ஆச்சியின் பதில் அதில் வராது. உதவி அதிகம் தேவைப்படுகிறவர் அவர்தான்.

கேள்வியிலும் சிக்கல் உண்டு. "மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி உங்களுக்கு உதவுமா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? நாம் நினைத்து வைத்திருப்பதற்கு அவர்களிடம் ஒப்புதல் வாங்குகிறோம், அவ்வளவுதான். என்ன கேட்பது என்று தெரிந்த பிறகு கருத்துக்கணிப்புக்கு நல்ல உபயோகம் இருக்கிறது. எத்தனை பேரிடம் சொந்தப் போன், எத்தனை பேர் தமிழ் எழுத்தை வசதியாக வாசிப்பார்கள், பரிசோதனை முடிவை முதலில் யாரிடம் காட்டுகிறார்கள் என்பவற்றைக் கிளினிக் வாசலில் ஆள் நின்று வாயால் கேட்டு எண்ணிக்கொள்ளலாம். என்ன கட்டுவது என்ற தீர்மானத்தை அதனிடம் விடக் கூடாது.

ஆலோசனைக் குழுவில் ஓர் ஆசனம்

நிதி கொடுப்பவர்களுக்குப் பிடித்த முறை இது. கூட்ட அறிக்கையில் நோயாளியின் பெயர் வரும், கையொப்பம் இருக்கும். 1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர், மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதிகாரத்தில் இருப்பவர்கள் தாங்களே தெரிந்தெடுத்த சிலருக்கு ஆசனம் கொடுத்துவிட்டுத் தீர்மானத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருப்பதை அவர் 5ஆம் படியில் வைத்தார். ஆறுதல் கொடுப்பதற்கான படி அது. உண்மையான அதிகாரப் பகிர்வு 6இலிருந்துதான் தொடங்குகிறது என்பது அவர் வாதம்.

கொழும்பில் அந்த ஆசனத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரி. ஆங்கிலம் தெரியும், நேரம் இருக்கிறது. அவர் மனதாரப் பேசுவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலையில் இலக்கம் எடுக்க வரிசையில் நிற்பவரின் அனுபவம் அவரிடம் இல்லாவிட்டால் அதை அவரால் எப்படிக் கொண்டுவர முடியும்? வரிசையில் நிற்பவரையே கூப்பிட்டாலும் எதிரே இருப்பது அவருக்கு மருந்து எழுதுகிற வைத்தியர். திரையில் ஓடுவது ஆங்கிலம். அடுத்த மாதமும் அதே வைத்தியரின் முன்னால் கொப்பியை நீட்ட வேண்டும். அந்த நிலையில் யார் வாய் திறப்பார்கள்?

இந்த முறைக்குப் பொருத்தமான வேலை ஒன்று உண்டு: தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையில் வைக்கிறது. சட்டம் கோடு போடும், கோட்டுக்குள் செய்ய வேண்டிய தெரிவுகள் நிறைய இருக்கும். சீனியின் அளவை வீட்டில் யார் பார்க்கலாம்? நிறுவனம் மூடப்பட்டால் பதிவுகள் எங்கே போகும்? காப்புறுதிக் கம்பனி கேட்டால் என்ன பதில்? இவை ஒரு நாளில் பேசி முடிகிற விடயங்கள் அல்ல. நிரந்தரமான குழுவொன்று வேண்டும். அதில் நோயாளிகள் ஒருவர் அல்ல, நான்கைந்து பேர் இருக்க வேண்டும். சிகிச்சை கொடுக்கும் வைத்தியர் தலைமை தாங்கக் கூடாது. கடதாசிகள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தமிழிலும் சிங்களத்திலும் கையில் கிடைக்க வேண்டும்.

கையில் கொடுத்துப் பார்ப்பது

என் தொழில் இது என்பதால் இதன் பலமும் எல்லையும் எனக்குக் கிட்டத்தில் தெரியும். பெரிய பலம், மலிவு. இத்துறை ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரிடம் சோதித்தால் சிக்கல்களில் ஏறக்குறைய 31 சதவீதம் தெரியவரும், ஐந்து பேரிடம் சோதித்தால் 85 சதவீதம் அளவுக்கு அகப்படும். கொழும்பில் இதைக் கேட்டவுடன் ஐந்து பேரோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஒரே மாதிரியான பயனாளர்களுக்கானது. தமிழ் வாசிப்பவர், சிங்களம் வாசிப்பவர், வாசிக்கச் சிரமப்படுபவர், நோயாளிக்காகப் போனைப் பிடிக்கும் மகள் என்று வேறு வேறு ஆட்கள் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் சிலரைச் சேர்க்க வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார்.

நம்மிடம் இன்னொரு தடங்கல் இருக்கிறது: மரியாதை. ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் அறுபது வயது கடந்த அம்மா ஒருவரிடம் மருந்துப் பட்டியல் திரையைக் கொடுத்தேன். "விளங்குதா அம்மா?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கு மகள், வடிவா செஞ்சிருக்கீங்க" என்றார். கேள்வியை மாற்றினேன். "இண்டைக்கு ராத்திரி நீங்க போட வேண்டிய குளிசை எது எண்டு இதில பாத்துச் சொல்லுங்க." அவர் போனை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே கிளினிக் கொப்பி, பழைய பரிசோதனைத் துண்டுகள், மருந்து உறைகள். ஒவ்வோர் உறையின் மேலும் பேரன் நீலப் பேனையால் சூரியனோ பிறையோ வரைந்திருந்தான். பிறை போட்ட இரண்டு உறைகளை எடுத்து என் முன்னால் வைத்தார். திரையில் "மெட்போமின் 500 மி.கி., நாளுக்கு இருமுறை" என்று இருந்தது. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. அவருக்கு அது பெரிய வெள்ளைக் குளிசை.

"விளங்குதா" என்று கேட்காமல் வேலையொன்றைக் கொடுக்க வேண்டும் என்பது இதில் முதற்பாடம். சோதனையின் கடைசியில் செயலிக்கு மதிப்பெண் போட நீட்டும் தாளுக்கும் இது பொருந்தும். உலகமெங்கும் பாவிக்கும் 10 வாக்கியத் தாள் ஒன்று இருக்கிறது, ஜோன் புரூக் 1986இல் உருவாக்கியது. அதில் ஒரு வாக்கியம் நிறையைச் சொல்லும், அடுத்தது குறையைச் சொல்லும், இப்படியே மாறி மாறி வரும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "மிகவும் சரி" என்று சொன்னவரின் தாளைக் கூட்டினால் 100க்கு 50 வரும். அந்த 50 செயலியைப் பற்றி எதுவும் சொல்லாது.

சோதனையின் எல்லையும் அந்த வீட்டிலேயே தெரிந்தது. மருந்தின் பெயர் புரியவில்லை, குளிசையின் படம் போடுங்கள் என்று என் அறிக்கையில் எழுதலாம், எழுதினேன். அவருக்கு ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் ஒழுங்கொன்று இருக்கிறது, செயலி அந்த உறைக்கு என்ன கூட்டிக் கொடுக்கப் போகிறது என்ற கேள்விக்கு என் படிவத்தில் இடம் இல்லை. அதற்குள் திரைகள் வரைந்தாகிவிட்டன, குறியீடு எழுதியாகிவிட்டது, பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

சேர்ந்தமர்ந்து வடிவமைப்பது

இதன் வேர் தொழிற்சங்கங்களில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நீகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து வேலை செய்தது. கணினி யாருடைய வேலையை மாற்றப் போகிறதோ, அதன் வடிவத்தைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அங்கிருந்து வந்த நிலைப்பாடு. ஸ்கண்டிநேவியாவில் அது ஒரு மரபாகவே வளர்ந்தது. சுகாதாரத்தில் அதன் பக்குவமான வடிவத்தை போல் பேட், கிளென் ரொபர்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2000களின் நடுவில் இங்கிலாந்தின் லூட்டன் நகர வைத்தியசாலையில், தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் செய்து பார்த்தார்கள்.

ஒழுங்கு இப்படி. நோயாளிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல அதைப் படம்பிடிக்கிறார்கள். ஊழியர்களிடம் தனியே பேசுகிறார்கள். நோயாளிகள் மட்டும் கூடி, எங்கே மனம் நொந்தது, எங்கே ஆறுதல் கிடைத்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். ஊழியர்களும் தனியே கூடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு தரப்பும் ஓரிடத்தில் சேர்ந்து படத்தைப் பார்த்து, எதை மாற்றுவது என்று தெரிந்தெடுத்து, சிறு குழுக்களாகப் பிரிந்து வேலையைத் தொடங்குகின்றன. முதலில் தனித்தனி, பிறகு சேர்ந்து என்ற அந்த வரிசையில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. தங்களைப் போன்ற நான்கு பேரோடு பேசிப் பார்த்த பிறகு வைத்தியரின் முன்னால் வருகிற நோயாளிக்குக் குரல் இருக்கும். ஆலோசனைக் குழுவில் இல்லாதது அது.

முழு வட்டமும் ஓடினால் ஒரு வருடம் பிடிக்கும். லூயிஸ் லொக்கொக் என்ற ஆய்வாளரின் தலைமையில் பின்னர் செய்த சுருக்கிய வடிவத்தில், புதிதாகப் படம்பிடிக்காமல், ஏற்கெனவே பதிவாகியிருந்த நோயாளிகளின் பேட்டிகளிலிருந்து படத்தைத் தொகுத்தார்கள். காலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வேறு ஊர் நோயாளிகளின் பேச்சு என்றாலும் ஊழியர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. நமக்குத் தமிழில் அப்படியொரு களஞ்சியம் தேவை. அது வரும்வரை முகம் காட்டாத குரல் பதிவுகள் போதும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கலியாணம் பேசும் வயதில் மகள் இருக்கும் வீட்டில் நோய் பற்றிப் பேசும் படம் போன் போனாகச் சுற்றினால் அந்தப் பாதிப்பை யாராலும் திருத்த முடியாது.

கொழும்பில் இதைச் செய்வதென்றால் கவனிக்க வேண்டியவை சில, இவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூட்டம் வைத்தியசாலைக்குள் வேண்டாம். கோயில் மண்டபமோ தேவாலய மண்டபமோ வாசிகசாலையோ நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தால் நல்லது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் நாளில் வைக்காதீர்கள். வருகிறவர்கள் சீனி வருத்தக்காரர். சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும், தேநீர் சீனி போடாமலும் இருக்க வேண்டும், பேச்சு நீண்டுவிட்டது என்று பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு நாளை உங்களுக்குத் தருகிறார். அந்த நாளின் கூலியும் பஸ் காசும் அன்றைக்கே கையில் போக வேண்டும். தமிழ்க் குழுவும் சிங்களக் குழுவும் முதலில் தனித்தனியே கூடட்டும், பிறகு சேரும் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க மட்டுமே ஓர் ஆள் வேண்டும். கொழும்புத் தமிழர் சிங்களத்தில் சமாளிப்பார்கள் என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். பஸ்ஸிலும் கடையிலும் சமாளிக்கிறார்கள்தான். இன்சுலின் ஊசியை மாமியாருக்குத் தெரியாமல் எங்கே வைக்கிறேன் என்பதை அந்தச் சமாளிப்பு மொழியில் ஒருவரால் சொல்ல முடியாது.

தமிழ்க் குழு என்றும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், புறக்கோட்டைக் கடையில் வேலை செய்துகொண்டு கிளினிக்குக்கு மட்டும் நுவரெலியாவுக்குப் போகும் தம்பிக்கும், மாளிகாவத்தையில் இருக்கும் முஸ்லிம் தாய்க்கும் தேவைகள் வேறு வேறு. ஓர் உதாரணம் போதும். மருந்துச் செயலிகள் நாளைக் காலை, பகல், இரவு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. நோன்பு மாதத்தில் அந்தப் பிரிவு முழுவதும் குலைந்துபோகும். குளிசைகள் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் நகரும், அளவுகளை வைத்தியர் மாற்றிக் கொடுப்பார், சிலரை நோன்பு பிடிக்க வேண்டாம் என்பார். பகல் ஒரு மணிக்குச் செயலி மணி அடித்துக்கொண்டே இருந்தால் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிடுவார்கள். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவருக்கும் ஆறு நாள் இதே நிலை. மாளிகாவத்தைத் தாய் முதல் கூட்டத்தில் இருந்தால் நேரங்களை அசைக்கக்கூடியதாக அடித்தளத்திலேயே வைக்கலாம். சோதனைக் கட்டத்தில் வந்து சொன்னால் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பதில்.

இந்த முறையின் உண்மையான விலை பணத்தில் இல்லை. தாதியும் மருந்து கொடுப்பவரும் கிளினிக்கை விட்டு வர வேண்டும், அதற்கு மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஆய்வாகவும் செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காலம் போகும். அதைவிடப் பெரியது, அவர்கள் சொல்வதை ஏற்கும் துணிவு. அரச கிளினிக்குக்குப் போகிறவர்களில் திகதியை மறப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை, குளிசை முடிகிற நாள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை வாட்டுவது ஒரு மாத மருந்துக்காகப் போகும் ஒரு முழு நாள். 2020இல் ஊரடங்கு இருந்தபோது கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு வந்தன. போனில் பேசித் தபாற்காரர் கையால் வாங்கிய அந்த ஏற்பாட்டுக்கு நோயாளியின் பக்கத்தில் செயலி எதுவும் தேவைப்படவில்லை. கூட்டத்தில் நோயாளிகள் "அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், நினைவூட்டல் வேண்டாம்" என்று சொன்னால் குழு என்ன செய்யும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர்களைக் கூப்பிட்டால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தாமே கட்டுவது

2013இல் அமெரிக்காவில் ஜோன் கொஸ்டிக் என்ற மென்பொருள் பொறியியலாளர், நீரிழிவுள்ள தன் சிறு மகனின் குளுக்கோஸ் அளவை வேலையிடத்தில் இருந்தே பார்க்க ஒரு நிரல் எழுதினார். மற்றப் பெற்றோரும் சேர்ந்தார்கள், நைட்ஸ்கவுட் என்ற மென்பொருள் பிறந்தது. நாங்கள் காத்திருக்கப் போவதில்லை என்பது அவர்களின் முழக்கம். டானா லூவிஸ் என்ற நோயாளி, தூக்கத்தில் தன்னை எழுப்பப் போதாத குளுக்கோஸ் கருவியின் அலாரத்தைச் சரிசெய்யத் தொடங்கி, 2015இல் இன்சுலின் பம்பைத் தானே இயக்கும் திறந்த அமைப்பொன்றை வெளியிட்டார். நோயாளிச் சமூகத்தில் வளர்ந்த இன்னொரு மென்பொருளின் வழியில் வந்த, இன்சுலின் அளவைத் தானே சீராக்கும் டைட்பூல் லூப் செயலிக்கு 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நோயோடு வாழ்கிறவரின் அவசரம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கொழும்பில் மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, அவர்களில் பலரின் அம்மாவோ அப்பாவோ கிளினிக்குக்குப் போகிறார்கள். அவர்கள் தொடங்கினால் நான் மகிழ்வேன். ஆனால் இங்கே ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கொஸ்டிக்கின் மகன் சின்னக் குழந்தை. நம் வீடுகளில் நோயாளி வளர்ந்தவர், பெரும்பாலும் வீட்டுக்கு மூத்தவர். வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே இருக்கும் அம்மாவின் சீனி அளவு ஒவ்வொரு காலையும் தன் போனுக்கு வர வேண்டும் என்று டொரொண்டோவில் இருக்கும் மகள் கேட்பாள். அம்மாவுக்கு வேண்டியது வேறு: கோயில் பொங்கலை ஒரு பிடி சாப்பிட்டதற்கு மறுநாள் போனில் பேச்சு வாங்கக் கூடாது. மகள் கட்டும் செயலி மகளின் பயத்துக்கு மருந்தாகும். அம்மா சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது என்பார், அல்லது எண்ணைக் குறைத்துச் சொல்வார். அந்தக் குறைத்த எண்ணைப் பார்த்து மகள் நிம்மதியாக இருப்பாள். இதைவிட ஆபத்தான தரவு இல்லை. பார்த்துக்கொள்பவரின் தேவை உண்மையானது, அதற்கும் இடம் கொடுக்க வேண்டும், ஆனால் அதை நோயாளியின் தேவையென்று எழுதிவிடக் கூடாது. கூட்டு வடிவமைப்பிலும் இந்த இருவரையும் வேறு வேறு மேசையில் உட்கார வைப்பதே நல்லது.

எதை எடுப்பது

அந்தக் குழுவுக்கு நான் சொன்னது சுருக்கிய கூட்டு வடிவமைப்பை. ஆறு மாதத்தில் முதல் இரண்டரை மாதத்தை அதற்கு ஒதுக்குங்கள் என்றேன். குறியீடு எழுதுகிறவரும் அந்தக் கூட்டங்களில் உட்கார வேண்டும், சுருக்க அறிக்கை வாசித்தால் போதாது. அதன் முடிவில் "இதைக் கட்டுகிறோம், இதைக் கட்டவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடும் நாள் ஒன்று வேண்டும், அந்தக் கையொப்பங்களில் நோயாளிகளுடையதும் இருக்க வேண்டும். பிறகு திரை தயாராகத் தயாராக ஒவ்வொரு வகையிலும் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம், ஒரே தடவை பெரிதாகச் செய்வதைவிடச் சிறிது சிறிதாகப் பல தடவை செய்வது மேல். கூட்டங்களுக்கு வந்தவர்களில் விரும்புகிற நான்கைந்து பேர் தரவுக் குழுவாகத் தொடரட்டும். கருத்துக்கணிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு.

எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. பல்கலைக்கழக மாணவர் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்வதென்றால் சோதனை போதும், அதைச் சோதனை என்றே அறிக்கையில் எழுத வேண்டும், நோயாளிகளோடு சேர்ந்து வடிவமைத்தோம் என்று எழுதக் கூடாது. ஏற்கெனவே முடிந்த செயலியைத் தமிழுக்குக் கொண்டுவரும் நிறுவனத்துக்கும் சோதனைதான் வழி. கிளினிக் முழுவதையும் டிஜிட்டலாக்கப் போகும் பெரிய திட்டத்துக்கு ஒரு வருட முழு வட்டமும் வேண்டும், அங்கே சுருக்கினால் பிழை பத்துப் பதினைந்து வருடம் கூடவே வரும். பணம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் இருக்கிறது என்றால், குறியீடு எழுதத் தொடங்குமுன் நோயாளிகள் மட்டும் கூடும் அந்த ஒரு கூட்டத்தை நடத்துங்கள். வேறெதையும் வெட்டலாம்.

ஆள் சேர்ப்பது பற்றி ஒன்று. கிளினிக்கின் பட்டியலை எடுத்து அழைத்தால் வருகிறவர்கள் கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறவர்கள். பாதியில் விட்டவர்கள்தான் நமக்கு அதிகம் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் பழைய மருந்துத் துண்டைக் காட்டி வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் அதே குளிசையை அரை அட்டை, ஒரு அட்டை என்று காசுக்கு வாங்குகிறார்கள். பாமசிக்காரரிடம் பெயர் கேட்க வேண்டாம், அவர் சொல்லவும் கூடாது. என்ன கூட்டம், எங்கே, எப்போது, எவ்வளவு காசு கிடைக்கும், எந்த இலக்கத்துக்கு மிஸ்ட் கோல் கொடுத்தால் நாங்கள் திரும்ப எடுப்போம் என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்த துண்டுகளைக் கொடுத்து, மருந்தோடு சேர்த்துப் பையில் போடச் சொல்லுங்கள். ஆமர் வீதியிலும் கிராண்ட்பாஸிலும் வெள்ளவத்தையிலும் இரண்டு மூன்று கடைகளில் வைத்தாலே முதல் கூட்டத்துக்குப் போதிய ஆட்கள் வருவார்கள்.